நெல் வேருக்குத் திசை தெரியும்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டது.)



நெல் வயலில் இறங்கிக் களை எடுத்தவர்கள் இங்கே எத்தனை பேர்? பரவாயில்லையே, முன்வரிசைப் பாட்டிமார் எல்லோருமே கை தூக்குகிறீர்கள். அப்படியென்றால் இன்றைய விஷயத்தில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். வயலில் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் முழங்கை வரைக்கும் சுரீரென்று எரியும். நெல் தாளின் ஓரம் அறுத்திருக்கும்.

அந்த அறுப்புக்குக் காரணம் சிலிக்கா, அதாவது சிலிக்கான் சேர்ந்த பொருள். ஆற்று மணலில் இருப்பதும் அதுதான், ஜன்னல் கண்ணாடியில் இருப்பதும் அதுதான். நெற்பயிர் அதை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையிலும் உமியிலும் பூச்சாகப் படியவைக்கிறது. தாளைக் காயவைத்து எடைபோட்டால் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரைகூடச் சிலிக்கான் இருக்கலாம். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கு அந்த நறநறப்பு நினைவிருக்கும். காற்றில் பயிர் சாயாமல் நிற்பதற்கும், பூச்சியையும் குலைநோயையும் தாங்குவதற்கும் இந்தப் பூச்சு உதவுகிறது. பக்கத்துப் பாத்தியில் நிற்கும் தக்காளிக்கும் அதே மண்தான், அதே தண்ணீர்தான். ஆனால் அது இவ்வளவு சிலிக்கானைச் சேர்ப்பதில்லை.

நெல்லுக்கு இது எப்படி வாய்த்தது என்பதை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா என்பவரின் குழு கண்டுபிடித்தது. அவர்கள் கையாண்ட தந்திரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஜெர்மானியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது. சிலிக்கானுக்குத் தம்பி முறை. செடிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சிலிக்கான் என்றே நினைத்து உள்ளே விட்டுவிடும். ஆனால் ஜெர்மானியம் நஞ்சு. எனவே ஜெர்மானியம் கலந்த நீரில் நெல் நாற்றுகளை வளர்த்தார்கள். மற்றவை கருகிப்போக, ஒன்று வாடாமல் நின்றது. நஞ்சை உள்ளே விடாத அந்த நாற்று சிலிக்கானையும் உள்ளே விடவில்லை. அதில் பழுதாகியிருந்த மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டு எல்எஸ்ஐ-1 என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே எல்எஸ்ஐ-2 கிடைத்தது. இரண்டும் உருவாக்குபவை அதே பெயருள்ள புரதங்கள். இரண்டும் வேர்ச் செல்லின் வெளிச் சவ்வில், அதாவது பிளாஸ்மா சவ்வில், பதிந்திருப்பவை.

இனித்தான் நான் பேச வந்த இடம். நெல் வேரைக் குறுக்கே சீவிப் பார்த்தால் வளையம் வளையமாகச் செல்கள் தெரியும். அவற்றில் இரண்டு வளையங்கள் முக்கியம். ஒன்று வேரின் வெளிப்பக்கம், மற்றது உள்ளே அகத்தோல். இந்த இரண்டு வளையங்களிலும் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் காஸ்பேரியன் பட்டை என்ற அடைப்பு உண்டு. சந்து பொந்து வழியாக எதுவும் நழுவ முடியாது. செல்லுக்குள் நுழைந்து, செல்லைக் கடந்து, மறுபக்கம் வெளியேறித்தான் ஆக வேண்டும். நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவாசலில் நின்று பார்த்தால் கொல்லைவாசல் நேராகத் தெரியும். வேர்ச் செல்லும் அப்படித்தான். மண்ணைப் பார்த்த பக்கம் தெருவாசல், வேரின் மையத்தைப் பார்த்த பக்கம் கொல்லை. எல்எஸ்ஐ-1 தெருவாசலில் மட்டும் இருக்கிறது. சிலிக்கானை உள்ளே விடும். எல்எஸ்ஐ-2 கொல்லைவாசலில் மட்டும் இருக்கிறது. வந்ததை மையத்தை நோக்கி வெளியே தள்ளும். இரண்டும் இரண்டு வாசலிலும் கலந்து நின்றிருந்தால் உள்ளே வந்ததில் ஒரு பகுதி வந்த வழியே மண்ணுக்குத் திரும்பியிருக்கும்.

ஒரே செல், ஒரே சவ்வு. செல்லின் சுற்றளவு முழுக்க அந்தச் சவ்வு ஒரே தோலாக ஓடுகிறது. அதிலுள்ள புரதங்கள் எண்ணெயில் மிதப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நகரவும் செய்யும். அப்படியிருக்க ஒன்று தெருப்பக்கத்திலும் மற்றது கொல்லைப்பக்கத்திலும் எப்படிப் போய்ச் சேர்ந்தன, சேர்ந்த இடத்தில் எப்படி நிற்கின்றன?

முதலில் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், சீக்கிரம் கடந்துவிடலாம். புரதத்தைக் கட்டுவது ரிபோசோம். சவ்வுக்குப் போக வேண்டிய புரதமாக இருந்தால், கட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதன் முற்பகுதியில் ஓர் அடையாளம் தென்படும். அதைக் கண்டதும் ரிபோசோமை அப்படியே இழுத்துக்கொண்டுபோய் எண்டோபிளாச வலையில் பொருத்திவிடும் ஏற்பாடு செல்லுக்குள் இருக்கிறது. இதைக் கண்டவர் கூந்தர் புளோபெல். 1999-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை, போரில் இடிந்த டிரெஸ்டன் நகரின் தேவாலயத்தையும் யூத வழிபாட்டிடத்தையும் மீண்டும் கட்டக் கொடுத்துவிட்டார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது.

எண்டோபிளாச வலையில் புரதம் மடிந்து உருப்பெறும். சரியாக மடியாததைச் செல் அங்கேயே நிறுத்திவிடும். மக்காச்சோளத்தில் நீர் கடத்தும் அக்வாபோரின் புரதங்களில் இரண்டு வகை. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் 2007-இல் பார்த்தார்கள்: முதல் வகை தனியாக இருந்தால் வலையை விட்டு வெளியே வரவே இல்லை. இரண்டாம் வகையோடு கைகோத்தால் இரண்டும் சேர்ந்து சவ்வு வரை போய்விடுகின்றன. துணையில்லாமல் ஊருக்கு அனுப்பாத வீட்டுப் பெரியவர்களைப் போல.

எண்டோபிளாச வலையிலிருந்து புரதம் சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்கு வரும். அங்கே அடுக்கடுக்காகக் கடந்து, கோல்கையின் மறுமுனையிலுள்ள வேறொரு வலைப்பகுதியை அடையும். அங்கிருந்து மீண்டும் ஒரு பை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகக் கூறுபோட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அகலம். அந்தப் பை சவ்வோடு ஒட்டி, உருகி ஒன்றாகும். பையின் தோலில் இருந்த புரதம் செல்லின் தோலில் வந்துவிடும்.

இந்தப் பாதையை முதலில் வரைந்தவர்கள் செடியைப் பார்த்து வரையவில்லை. ஜார்ஜ் பலாடி கினிப்பன்றியின் கணையத்தைப் பார்த்தார். ராண்டி ஷெக்மேன் ஈஸ்ட்டைப் பார்த்தார். சூடேற்றினால் பைகள் போக்கிடமில்லாமல் உள்ளே குவிந்துவிடும் ஈஸ்ட்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒவ்வொரு கட்டத்துக்குமான மரபணுக்களைக் கண்டார். 2013-இல் அவருக்கும் நோபல். தாவரக்காரர்களாகிய நாங்கள் அவர்களுடைய படத்தை அப்படியே எடுத்து, சுற்றிலும் ஒரு செல்சுவரை வரைந்து, பச்சையாக நாலு பசுங்கணிகங்களையும் போட்டுவிட்டோம். நான் மாணவனாக இருந்தபோது தேர்வுக்கு வரைந்த படத்தில் நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோல்கை, பூரி அடுக்கியதுபோல். பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் கிடைத்தது. படம் தப்பு என்று வாத்தியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாவரச் செல்லில் கோல்கை ஒன்றில்லை. நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. அதைவிட ஆச்சரியம், அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ் ஹாஸும் கூட்டாளிகளும் பச்சை ஒளிரும் புரதத்தைக் கோல்கையில் பொருத்திப் புகையிலை இனத்து இலையைப் பார்த்தபோது, பொட்டுப் பொட்டாக அவை ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் ஓட்டம், ஒரு நிற்பு, திரும்ப ஓட்டம். ஆக்டின் என்ற இழைகள்தான் தண்டவாளம். அதன்மேல் இழுத்துச் செல்வது மயோசின். நம் தசையில் வேலை செய்யும் அதே இனத்துப் புரதங்கள். மனிதச் செல்லில் சரக்கு ஊர்ந்து தொழிற்சாலைக்கு வரும். இங்கே தொழிற்சாலையே தெருத்தெருவாக வருகிறது, கோலமாவு விற்பவரைப்போல.

பருத்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் கட்டியிருக்கும் வேட்டியின் நூலில் ஒவ்வொரு பஞ்சிழையும் ஒரே ஒரு செல். அதன் சுவரில் செல்லுலோஸை நூற்கும் பொறியும் ஒரு சவ்வுப் புரதக் கூட்டம்தான். ஆறு இதழ்ப் பூப்போல இருக்கும். அது கோல்கையிலேயே கட்டி முடிக்கப்படுகிறது. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் 2006-இலும் 2009-இலும் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஓடிவரும் கோல்கை சவ்வுக்கடியில் சற்று நின்று பொறியை இறக்கிவிட்டுப் போகிறது. இறங்கிய பொறி சவ்வுக்குக் கீழுள்ள நுண்குழல்களின் தடம் பிடித்து நகர்ந்துகொண்டே சுவரில் இழையை நூற்கிறது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். பாடப்புத்தகங்கள் எல்லாம் இந்தப் போக்குவரத்தைத் தபாலோடு ஒப்பிடும். புரதத்தில் விலாசம் எழுதியிருக்கிறது, கோல்கை தபால் நிலையம், பை தபால்காரர். நானும் முப்பது வருடம் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். இன்று அந்த உவமையை நான் கைவிட்டுவிட்டேன். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் போனதுதான். மறுநாள் வந்து கதவைத் தட்டி, நேற்றுக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிப்போய், திரும்ப அதே வீட்டில் கொண்டுவந்து போடுவாரா? தாவரச் செல் அதைத்தான் செய்கிறது.

இதைக் காட்டிய சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் செடியில் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் திசை பிடித்துப் போக வேண்டும். அதை வெளியே தள்ளும் புரதம் பின்-1. அதற்கான மரபணு பழுதானால் பூந்தண்டில் பூவே வராமல் குண்டூசிபோல் மொட்டையாக நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். வேரின் நடுப்பகுதிச் செல்களில் பின்-1 செல்லின் அடிப்பக்கச் சவ்வில் மட்டும் இருக்கும். நெல்லின் எல்எஸ்ஐ-2 கொல்லைப்பக்கம் இருப்பதுபோல, இது கீழ்ப்பக்கம்.

ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நிக்கோ கெல்ட்னரும் கெர்ட் யூர்கன்ஸும் 2001-இல் என்ன செய்தார்கள் என்றால், அரபிடாப்சிஸ் வேரை பிரெஃபெல்டின் என்ற மருந்தில் போட்டார்கள். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பொருள் அது. பைகள் புறப்படுவதைத் தடுக்கும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அடிச்சவ்வில் இருந்த பின்-1 செல்லுக்குள்ளே உருண்டைகளாகத் திரண்டு கிடந்தது. புதிதாகச் செய்த புரதம் வழியில் சிக்கியிருக்கலாம் என்று யாரும் சொல்வார்கள் அல்லவா? அதற்கும் வழி செய்திருந்தார்கள். புதிய புரதம் எதுவும் உருவாகாமல் தடுக்கும் மருந்தையும் கூடவே கலந்திருந்தார்கள். அப்படியும் உருண்டை வந்தது. என்றால் அது சவ்விலிருந்து உள்ளே வந்த பழைய புரதமே. பிறகு மருந்தைக் கழுவிவிட்டார்கள். உருண்டை கரைந்தது, பின்-1 பழையபடி அடிப்பக்கச் சவ்வுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆக, மருந்தில்லாத நாளிலும் இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்ததால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தது. நம் வாசலில் கோலம் எப்போதும் இருக்கிறது என்றுதான் தெருவில் போகிறவருக்குத் தோன்றும். அது தினமும் காலில் மிதிபட்டு அழிந்து தினமும் போடப்படுகிறது என்பது வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

2003-இல் இதே குழு இன்னொரு படி போனது. இந்தப் பைகள் கிளம்ப உதவும் புரதங்களில் ஒன்று ஜிநோம். அது பழுதான கரு தலையும் வேரும் தெரியாத குள்ள உருவமாகிவிடும் என்பதால் ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர், குள்ளப் பூதம் என்று பொருள். அதில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அந்தச் செடியில் பிரெஃபெல்டினைக் கொட்டினாலும் பின்-1 இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவு சுத்தமான சோதனை அறிவியலில் அபூர்வம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ஜிநோம் எந்த உறுப்பில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறது என்று அன்று சொன்னதை 2014-இல் வந்த ஆய்வு திருத்தியது. அது பெரும்பாலும் கோல்கையில்தான் இருக்கிறது என்றார்கள். அரபிடாப்சிஸ்காரர்கள் மாநாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் தேநீர் ஆறிப்போகும்.

சவ்வை உள்ளே இழுப்பது தாவரச் செல்லுக்குச் சுலபமான காரியமும் அல்ல. உங்கள் காரின் டயரில் முப்பது பி.எஸ்.ஐ. சுமாருக்குக் காற்று பிடிப்பீர்கள். தாவரச் செல் பல நேரம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விறைப்பழுத்தத்தில் உப்பி, சுவரோடு ஒட்டி நிற்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சவ்வில் குழி பறித்துப் பை செய்ய முடியாது என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோல் பின்னிக்கொண்டு அதைச் செய்கிறது என்பது நம் நூற்றாண்டில்தான் உறுதியானது. உள்ளே வந்த பை முதலில் போய்ச் சேரும் இடமும், கோல்கையிலிருந்து வெளியே போகும் சரக்கு பிரியும் இடமும் தாவரத்தில் ஒன்றே என்று 2006-இல் தெரிந்தது. ஊருக்கு ஒரே பேருந்து நிலையம். வருகிற வண்டியும் அங்கேதான், போகிற வண்டியும் அங்கேதான்.

இத்தனை செலவு செய்து ஏன் இந்த வீண் அலைச்சல் என்று கேட்பீர்கள். தென்னைக்கு வெண்காரம் வைக்கிறவர்களுக்கு விடை தெரியும். வெண்காரத்தில் இருப்பது போரான். கொஞ்சம் குறைந்தாலும் குருத்து கெடும், கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. அரபிடாப்சிஸ் வேரில் போரானை மையத்துக்குத் தள்ளும் போர்-1 என்ற புரதம் கொல்லைவாசலில் இருப்பது. டோக்கியோவில் ஃபுஜிவாராவும் டகானோவும் 2005-இல் காட்டினார்கள்: மண்ணில் போரான் பெருகியதும் சவ்விலிருந்த போர்-1 உள்ளே இழுக்கப்பட்டு, திருப்பி அனுப்பப்படாமல், நுண்குமிழ் என்ற உள்ளறைக்குப் போய்ச் சிதைகிறது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. திருப்பி அனுப்புவதை நிறுத்தினால் போதும். அதே வேரில் தெருவாசல் காக்கும் புரதமோ, ஓயாமல் உள்ளே இழுக்கப்படுவதால்தான் ஒரு பக்கமாகவே நிலைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. இழுக்கும் வேலை கெட்டால் அது நாலாபக்கமும் பரவிவிடுகிறது.

செடி இடம்விட்டு நகராது. தொட்டியைச் சாய்த்துவைத்தால் தன் உடலைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போது வேர்நுனிச் செல்களில் பின் குடும்பத்தின் இன்னொரு புரதம் சில நிமிடங்களில் புதிய கீழ்ப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது. ஆணி அடித்து வைத்திருந்தால் அது முடியுமா?

உளுந்திலும் வெண்டையிலும் சாம்பல் நோய் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை இலைச் செல்லைத் துளைக்க முயலும்போது, துளைக்கும் இடத்துக்கு நேர் கீழே பைகள் விரைந்து வந்து சவ்வோடு ஒட்டிச் சுவரைத் தடிக்கவைக்கின்றன. பை ஒட்ட உதவும் ஒரு புரதம் இல்லாத அரபிடாப்சிஸில், வழக்கமாகத் தோற்று ஓடும் பார்லிப் பூஞ்சை எளிதாக உள்ளே புகுந்தது. 2003-இல் வந்த கண்டுபிடிப்பு அது. பையைச் சவ்வுக்குப் பக்கத்தில் கட்டி நிறுத்தும் எட்டுப் புரதங்கள் கொண்ட கூட்டமொன்றும் உண்டு. அந்த எட்டில் ஒன்றுக்கு ஈஸ்ட்டில் ஒரே ஒரு மரபணு; அரபிடாப்சிஸில் இருபத்து மூன்று. ஏன் இத்தனை என்றால், எந்தப் பக்கத்து வாசலுக்கு எந்தக் காவலர் என்று பிரித்துக்கொள்ளத்தான் என்பது என் ஊகம்.

நெல்லில் தொடங்கினோம். அந்த இரண்டு வாசலுக்கும் ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஆர்செனிக் ஆர்செனைட் என்ற உருவத்துக்கு மாறும். அதன் மூலக்கூறு சிலிக்கானின் அமிலத்தைப் போலவே இருப்பதால், எல்எஸ்ஐ-1 தெருவாசலில் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. எல்எஸ்ஐ-2 அதையும் மையத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதை 2008-இல் மாவின் குழுவே சொன்னது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் ஊறும் வங்கத்தில், குடிநீரோடு சோற்றிலும் அது வருவதற்கு இந்த வாசல்களே வழி. சிலிக்கானை விட்டு ஆர்செனிக்கை மறிக்கும் வாசலை நெல்லுக்கு அமைத்துக் கொடுக்க முடியுமா என்று பல ஆய்வகங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

பேச்சு போதும். வெளியே தாழ்வாரத்தில் இரண்டு மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறோம். கண்ணாடிச் சில்லில் இருப்பது இன்று காலை குளத்தில் எடுத்த ஹைட்ரில்லா இலை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு செல்லின் ஓரமாகவும் பச்சைப் புள்ளிகள் வரிசையாகச் சுற்றிவருவது தெரியும். அவை பசுங்கணிகங்கள். கோல்கையை இந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது, ஆனால் அதுவும் அதே ஆக்டின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. பொருள் தெளிவாகத் தெரியப் பெரிய திருகை விட்டுவிட்டுச் சின்னத் திருகை மட்டும் தொடுங்கள். சில்லு உடைந்தால் வேறு இல்லை. முதலில் பிள்ளைகளை விடுங்கள்.